இருபத்திரண்டாவது கேள்வி

விமான நிலையத்தில் அண்ணி என்னை "சார்" என்று கூப்பிட்டாள். "சார், இந்தப் பெட்டிய கையில வெச்சுக்கலாமா, லக்கேஜ்ல போட்டுவிட்டுரணுமா?" குழுவில் மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். எங்கள் துணைச் செயலர் பக்கத்திலேயே நின்றார். "போட்டுவிட்டுருங்கம்மா, உள்ள கம்பி இருக்கில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவள் பெட்டிக்குள் கம்பி இருப்பது ஆணையத்து அலுவலருக்கு எப்படித் தெரியும்? யாரும் கவனிக்கவில்லை. அண்ணி மட்டும் கவனித்தாள். "சரிங்க சார்" என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து நான் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உதட்டுக் கடிப்பைப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மாநில அரசின் வெளிநாட்டுப் பண்பாட்டு, வணிக உறவு ஆணையத்தில். பெயர்ப் பலகை நீளமாக இருக்கும். சொந்தக்காரர்களைக் கேட்டால், கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆபீஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிநாட்டு மாகாணங்களோடு போட்ட ஒன்பது ஒப்பந்தங்கள் எங்கள் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அதில் எட்டு, மாட்டிய நாளிலிருந்து சட்டத்தை விட்டு இறங்கியதே இல்லை. ஒன்பதாவது மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டது. அவர்களுடைய ஓவியர்கள் நாலு பேர் இங்கே வந்து போனார்கள், நம் வாத்தியக் குழு ஒன்று அங்கே போய் வாசித்துவிட்டு வந்தது. அடுத்தது வணிகம். ஆறு சிறுதொழில்காரர்களைத் தேர்ந்தெடுத்து அந்த மாகாணத்துக்கு அழைத்துப் போகிறோம், ஒன்பது நாள்.

நான் அங்கே நிகழ்ச்சி அலுவலர். 9.02 வண்டி வந்து நிற்கும், 9.04 பூங்கொத்து, 9.07 தலைவர் கை கொடுப்பார் என்று நிமிடம் நிமிடமாக நிரல் எழுதுவது என் வேலை. ஆபீஸில் எனக்கு 'நிமிஷம்' என்றே பட்டப்பெயர். "நிமிஷத்தக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரே ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஒவ்வொரு நாள் நிரலிலும் எட்டு நிமிடத்தை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பேன். பதினைந்து நிமிடப் பேருந்துப் பயணத்தை இருபத்து மூன்று என்று எழுதிவிடுவேன். யாராவது அமைச்சர் தாமதமாக வந்தால் அந்த எட்டு நிமிடத்தை எடுத்துப் போட்டு நாளைக் காப்பாற்றுவேன். இத்தனை வருடத்தில் துணைச் செயலருக்குக்கூட அது தெரியாது.

விண்ணப்பப் படிவமும் நான் எழுதியதுதான். பதினான்கு பக்கம், நாற்பது கேள்வி. சட்டத்துறை ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் திருப்பி அனுப்பிய ஒரே படிவம் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வேன். அதில் இருபத்திரண்டாவது கேள்வி: விண்ணப்பதாரர் ஆணைய ஊழியர் எவருக்கேனும் கீழ்க்கண்ட உறவுமுறையினரா? கீழே பட்டியல். கணவர், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், மைத்துனர், மைத்துனரின் மனைவி. பழைய தலைவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். மூன்று பயணங்களில் 'ஆலோசகர்' என்று ஒட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் மனைவியையும் கூட்டி வந்தார். அவர்களை மனதில் வைத்துத்தான் அந்தக் கேள்வியையே எழுதினேன். மைத்துனரின் மனைவி வரைக்கும் யோசித்தவன் அண்ணியை விட்டுவிட்டேன்.

தேர்வில் எனக்கு எந்த வேலையும் கிடையாது. பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு, வெளியாட்கள் மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். முடிவான பட்டியல் டிக்கெட் போடுவதற்காக என் மேஜைக்கு வந்தபோதுதான் நாலாவது வரியைப் பார்த்தேன். அண்ணியின் பெயர். தொழில்: பிரஷ் தயாரிப்பு. பயன்பாடு: பாட்டில், குழாய், பால் பாத்திரம் கழுவுதல். படிவத்தைப் புரட்டினேன். இருபத்திரண்டாவது கேள்விக்கு நேரே, 'இல்லை' என்று அவளுடைய குண்டு எழுத்து.

அன்று சாயங்காலமே போனேன். அண்ணன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பின்பக்கம்தான் பட்டறை. பன்னிரண்டு பெண்கள் வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன், மயிரைக் கம்பிகளுக்கு நடுவே வைத்து முறுக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி ஒரு பிரஷ்ஷை விளக்குக்கு நேரே பிடித்துச் சுழற்றி, துருத்திய மயிர்களைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பட்டியலைச் சொன்னேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை.

"கெடச்சிருச்சா? நல்லதாப் போச்சு" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணி?"

"சொன்னா நீ வேணாம்பே."

அது உண்மை. கண்டிப்பாக வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் அவள் ஏன் விண்ணப்பித்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய பிரஷ்களில் முக்கால்வாசியை வாங்கிக்கொண்டிருந்த குளிர்பானக் கம்பெனி, கண்ணாடி பாட்டிலை விட்டுவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை யார் கழுவப்போகிறார்கள்? வருடக் கடைசிக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யார் யாரை என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை என்று அண்ணன் முந்தின மாதமே சொல்லியிருந்தான்.

"இருபத்திரண்டாவது கேள்விக்கு இல்லன்னு எழுதியிருக்கீங்களே" என்றேன்.

"ரெண்டு தடவ படிச்சேன் தம்பி. மச்சான் பொண்டாட்டி வரைக்கும் இருக்கு. அண்ணி இல்ல. இல்லாததுக்கு இல்லன்னுதான எழுதணும்?" கத்தரி நின்றது. "யாரு எழுதுனா இந்த ஃபாரத்த?"

"நான்தான்."

அண்ணி சிரித்தாள். அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுபடியும் பிரஷ்ஷை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "சரி, விடு" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. சட்டத்துறை கண்டுபிடிக்காத தப்பை அவள் கண்டுபிடித்து, இரண்டு தடவை படித்து உறுதி செய்து, அதற்கு நேர்மையாகப் பதிலும் எழுதியிருக்கிறாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எழுதிக் குடுத்துடு" என்றாள் அண்ணி. "உறவுதான், விட்டுப்போச்சுன்னு. பேர எடுத்தா எடுக்கட்டும்."

நான்தான் மாட்டேன் என்றேன். வேண்டுமென்றே அண்ணியை விட்டு எழுதியிருக்கிறான் என்பார்கள், என் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்றேன். ஒன்பது நாள், ஒருவரையொருவர் தெரியாத மாதிரி இருந்துவிட்டால் போதும் என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "தெரியாத மாதிரின்னா? சார்னு கூப்பிடவா?" "கூப்பிடுங்க." உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டி, "எடுத்துக்குங்க சார்" என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அங்கே போய் மூன்றாம் நாள் காலையில், அந்த மாகாணத்து வணிக மன்றக் கூடத்தில் எங்கள் ஆறு பேரும் தங்கள் பொருளைப் பற்றிப் பேச ஏற்பாடு. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். கூடத்தின் ஓரத்தில் நான் இரண்டு அட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் காட்டினால் இரண்டு நிமிடம் பாக்கி, சிவப்பு காட்டினால் முடிந்தது. பம்பு செய்கிறவர் முதலில் பேசினார். மஞ்சளையும் மதிக்கவில்லை, சிவப்பையும் மதிக்கவில்லை. இருபத்தாறு நிமிடம் பம்பின் வரலாற்றைச் சொன்னார். அடுத்து, கண்ணாடிப் பாத்திரம் செய்கிறவர் அவரைப் பார்த்துத் தைரியம் வந்து பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அண்ணியின் முறை வந்தபோது மணி 12.56. ஒரு மணிக்கு அவர்களுடைய அமைச்சரோடு சாப்பாடு.

என் எட்டு நிமிடம் என்னிடம் பத்திரமாக இருந்தது. எடுத்துப் போட்டிருந்தால் அவள் பன்னிரண்டு நிமிடமும் பேசியிருப்பாள். பக்கத்தில் துணைச் செயலர் இருந்தார். அந்த எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார், இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் என்று கேட்பார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணி மேடையில் நின்று, பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்து, "மத்தவங்க ரெண்டு கம்பில முறுக்குவாங்க, நாங்க நாலு கம்பில" என்று ஆரம்பித்தாள். மொழிபெயர்க்கும் பெண் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பினார்கள். 12.58-க்கு மஞ்சள் காட்டினேன். ஒரு மணிக்கு, சரியாக ஒரு மணிக்கு, சிவப்பு காட்டினேன். அண்ணி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பம்புக்காரரிடம் செல்லாத அட்டை அவளிடம் செல்லுபடியானது.

மறுநாள் பால் ஆலை. அது வெறும் சுற்றிப் பார்க்கும் நிகழ்ச்சி, நாற்பது நிமிடம். 11.10-க்குப் பேருந்து கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத் தொப்பி, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை. ஆலைப் பொறுப்பாளர் ஆஜானுபாகுவான ஒரு பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பளபளவென்ற பெரிய தொட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி விளக்கினார். எல்லோரும் தொட்டியில் தெரிந்த தங்கள் முகத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

அண்ணி பின்னாலேயே தங்கிவிட்டாள். கழுவுமிடத்தில் ஒரு தொழிலாளி, கழற்றி வைத்த குழாய் வளைவுகளை பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் குந்தி, கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் நிமிராமலே விரலால் காட்டினாள். வடிகட்டியில் நாலைந்து வெள்ளை மயிர் சிக்கியிருந்தது. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்தவை. "பாலுக்குள்ள போனா என்ன பண்ணுவாங்க?" என்றாள். அதற்குள் பொறுப்பாளரும் வந்துவிட்டார், பின்னாலேயே மொத்தக் குழுவும். அண்ணி மொழிபெயர்க்கும் பெண்ணைப் பார்த்து, "வாரத்துக்கு இந்த மாதிரி எத்தன பிரஷ்ஷத் தூக்கிப் போடுறாங்கன்னு கேளுங்க" என்றாள். கேட்டதும் அந்த அம்மாளின் முகம் மாறியது. தொழிலாளி முந்திக்கொண்டு இரண்டு கையையும் விரித்துப் பத்து என்று காட்டினான்.

அண்ணி கைப்பையைத் திறந்து தன் பிரஷ்ஷை எடுத்தாள். கடிகாரத்தைக் கழற்றினாள். பையையும் கடிகாரத்தையும் பார்க்காமலே என் பக்கம் நீட்டி, "இந்தா, புடி தம்பி" என்றாள்.

பம்புக்காரர் கலகலவென்று சிரித்தார். "பாத்தீங்களா, பிரஷ்காரம்மா நம்ம நிமிஷத்தையே தம்பி ஆக்கிட்டாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். துணைச் செயலரும் சிரித்தார். வயதில் மூத்த பெண்மணி யாரை வேண்டுமானாலும் தம்பி என்பாள், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நானும் பல்லைக் காட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அண்ணிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ஈரத் தரையில் முழங்காலிட்டு, குழாய்க்குள் கையைத் தோள் வரை விட்டு, ஒரு பக்கமாகவே சுழற்றிக்கொண்டு போனாள். வெளியே எடுத்து, ஒரு வெள்ளைத் துணியை பிரஷ்ஷில் சுற்றி மறுபடியும் உள்ளே விட்டு இழுத்தாள். ஒரு மயிர்கூட ஒட்டாமல், துணி போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. அடுத்ததாக அந்தத் தொழிலாளியின் இடுப்பிலிருந்த குறட்டைக் கேட்டு வாங்கிப் பொறுப்பாளரின் கையில் கொடுத்தாள். "ஒரு மயிர் உருவுங்க பாக்கலாம்."

மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த அம்மாள் குறட்டால் ஒரு மயிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பூட்ஸை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிரஷ் வளைந்தது, மயிர் நடுவில் அறுந்தது, வேரோடு வரவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நாலு கம்பி" என்றாள் அண்ணி, நாலு விரலைக் காட்டி. நேற்று மேடையில் பாதியில் நின்ற வாக்கியத்தை அங்கிருந்தே எடுத்துத் தொடர்ந்தாள்.

எனக்கு மார்பு விம்மியது. மறைக்காமல் சொல்கிறேன், இத்தனை வருட உத்தியோகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மேடையில் நம் மாநிலத்தின் பெருமையைப் பேசக் கேட்டிருக்கிறேன். ஈரத் தரையில் முழங்காலிட்டு ஒருத்தி அதைச் செய்து காட்டி அன்றுதான் பார்த்தேன்.

துணைச் செயலர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு பத்து. கூப்பிடுங்க அந்தம்மாவ."

"எட்டு நிமிஷம் இருக்கு சார்."

"எங்க இருக்கு?"

"நான் ஒளிச்சு வெச்சிருக்கேன் சார். தெனமும் வெப்பேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எட்டு நிமிடம் இருபத்தேழாக நீண்டது. பொறுப்பாளர் அண்ணியை ஒவ்வொரு குழாயாகக் கூட்டிப் போனார். வளைவுகளின் அளவை ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டாள் அண்ணி. ஒரு கட்டத்தில் துணைச் செயலரே அவசரத்தை மறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "சும்மா சொல்லக் கூடாது" என்றார். "நம்ம படிவம் ஆளப் புடிச்சுருதுங்க. நீங்க எழுதுனதுதான அது?"

நான் தலையாட்டியிருக்கலாம். அவளுடைய பை என் தோளில் இருந்தது, கடிகாரம் என் சட்டைப்பையில். நாலு நிமிடத்தில் அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்ட அதே கையால் அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"அது எங்க அண்ணி சார்" என்றேன்.

"யாரு?"

"கூடப்பொறந்த அண்ணனோட சம்சாரம். படிவத்துல அண்ணின்னு போட விட்டுப்போச்சு. நான் விட்டுட்டேன். அவங்க பேரப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. பம்புக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். துணைச் செயலர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நேத்து அவங்க எத்தன நிமிஷம் பேசினாங்க?" என்றார்.

"நாலு சார். நான்தான் செவப்பு காட்டினேன்."

"ம்" என்றார். "ஊருக்குப் போனதும் எழுத்துல குடுங்க. எல்லாத்தையும்." அந்த 'எல்லாத்தையும்'-இல் என்னென்ன அடக்கம் என்று எனக்கு இன்றும் தெரியாது. திரும்பி நடந்தவர் நின்று, "முழங்கால் நனைஞ்சிருச்சு பாருங்க, துண்டு கேட்டு வாங்கிக் குடுங்க உங்க அண்ணிக்கு" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது பொறுப்பாளர் பிரஷ்ஷைத் திருப்பித் தரவில்லை. கழுவுமிடத்துச் சுவரில் ஒரு கொக்கி இருந்தது. அதில் தொங்கிய பழையதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அண்ணியின் பிரஷ்ஷை மாட்டினார். எத்தனை வேண்டும் என்றோ எப்போது வேண்டும் என்றோ சொல்லவில்லை. எங்கள் ஆணையத்தின் முகவரி அட்டையை நான் நீட்டினேன். வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணியைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார்.

பேருந்தில் அண்ணி நாலு நாளில் முதல் தடவையாக என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வலது கை தோள் வரை நனைந்திருந்தது. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள்.

"தெரியல அண்ணி. உங்க பேர எடுத்தாலும் எடுப்பாங்க."

"எடுக்கட்டும். பிரஷ்ஷ அங்க மாட்டியாச்சில்ல." ஈரக் கையை ஒரு தடவை உதறிக்கொண்டாள். "நேத்து மட்டும் கோவம்தான் தம்பி. நீ அந்தச் செவப்பக் காட்டினப்போ."

"தெரியும்."

கோப்பிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தேன். எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். இருபத்திரண்டாவது கேள்வியில் மைத்துனருக்கு மேலே, மாமியாருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து 'அண்ணி' என்று எழுதினேன். பேருந்து குலுங்கியதில் எழுத்து கோணலாக விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், முதலில் கேள்வியை, பிறகு பட்டியலை மேலிருந்து கீழ்வரை, எப்போதும் போல இரண்டு தடவை.

"கொழுந்தன் எங்க?" என்றாள். "என்ன மட்டும் மாட்டிவிட்டுட்டு நீ தப்பிச்சுக்கலாம்னு பாக்குறியா?"

பேனாவை வாங்குவதற்காக ஈரக் கையை நீட்டினாள். அதிலிருந்து ஒரு சொட்டு படிவத்தின் மேல் விழுந்தது. அண்ணி என்ற எழுத்து மெல்ல ஊறி, மாமியார் மேலும் மைத்துனர் மேலும் ஏறி நீலமாகப் பரவிக்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.